நான் துருப்பிடிக்க வைத்த கப்பல்

தீபாவளி விடுமுறைக்கு வந்த என் கணவர் எனக்குப் புடவை எடுத்து வரவில்லை, நீர்மூழ்கிக் கப்பல் எடுத்து வந்தார். பிளாஸ்டிக் கப்பல்தான். பெட்டியைத் திறந்தால் சாம்பல் நிறத் துண்டுகள் சட்டம் சட்டமாக இருந்தன. ஒவ்வொன்றாக வெட்டியெடுத்துப் பசை வைத்து ஒட்ட வேண்டும். சிங்கப்பூர் போய்வந்த சரக்குக் கப்பல்காரர் ஒருவரிடம் விசாகப்பட்டினத்தில் வாங்கினாராம். என் கணவர் கடற்படையில் இருந்தார், அதிலும் நீர்மூழ்கியில். பெட்டிக்குள் இருந்தது வேறு ஏதோ தேசத்தின் நீர்மூழ்கி.

"மூக்கு மட்டுந்தான் வேற. மத்தபடி எங்க போட்டு இப்படித்தான் இருக்கும்" என்றார்.

நீர்மூழ்கியை அவர்கள் கப்பல் என்று சொல்வதில்லை, போட்டு என்றுதான் சொல்வார்கள். 'எங்க போட்டு' என்னும்போது அவர் முகத்தில் வரும் களை, 'எங்க வீட்டுக்காரி' என்னும்போது வருமா என்பது எனக்குச் சந்தேகம்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. எங்களுக்குக் கல்யாணமாகி நான்கு வருடம். நான் தூத்துக்குடியில் ஒரு பெண்கள் பள்ளியில் டிராயிங் டீச்சர். கடற்கரைப் பக்கத்துத் தெரு ஒன்றில் மாடிவீடு, வாடகைக்கு. விசாகப்பட்டினத்தில் குடும்பத்துக்கான குவாட்டர்ஸ் வரிசையில் எங்கள் முறை எங்கோ கடைசியில் கிடந்தது. எனக்கோ வேலை நிரந்தரமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஆக, அவர் அங்கே, நான் இங்கே. வருடத்தில் நாற்பது ஐம்பது நாள் புருஷன் பெண்டாட்டி, மற்ற நாளெல்லாம் இன்லேண்ட் லெட்டர்.

அந்த விடுமுறை முழுக்க அவர் முன்னறையில் கால் நீட்டி உட்கார்ந்து கப்பலை ஒட்டினார். கப்பலின் முதுகில் நிற்கும் கோபுரம் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்துவிட்டது. கிளம்புகிற நாளில் அதை என் மேஜைமேல் வைத்தார்.

"நீ டிராயிங் டீச்சர்தான. பெயிண்ட் அடிச்சு வை. மாசித் திருவிழாவுக்கு வாரேன்ல, அப்பம் பாக்கேன்."

மாசியில் அவர் வருவதில் இன்னொரு காரியமும் இருந்தது. கடற்படையில் அவர் எழுதிக் கொடுத்திருந்த பதினைந்து வருடம் வைகாசியோடு முடிகிறது. வெளியே வந்துவிடலாம், அல்லது கையெழுத்துப் போட்டு இன்னும் ஐந்து வருடம் நீட்டிக்கலாம். உடன்குடியில் கருப்பட்டி வியாபாரம் செய்த என் அப்பா, துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலைக்கு ஓர் ஆளிடம் சொல்லி வைத்திருந்தார். "யோசிக்கேன்" என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினார் என் கணவர்.

எனக்கு அவர் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். அவ்வளவுதான். இதை நான் அவரிடம் சொன்னேனா என்றால், இல்லை. சொல்லாமலே தெரியாதா என்று நினைத்தேன்.

அடுத்த வாரமே இரும்புச்சாமான் கடை அண்ணாச்சியிடம் போய்க் கறுப்பு எனாமல் பெயிண்டில் இருப்பதிலேயே சின்ன டப்பாவும், டர்பன்டைனும், இரும்புக் கேட்டுக்குப் பூசும் காவி நிற ரெட் ஆக்சைடும் வாங்கினேன். "கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்குத அளவுக்கு வீடு கட்டிட்டியளா டீச்சர்?" என்று கேட்டார் அண்ணாச்சி. கப்பலுக்கு என்று சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே டப்பாவைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தார்.

முதல் பூச்சு அடித்ததும் பார்த்தால், கப்பல் கப்பலாக இல்லை. புதுச் செருப்பாக இருந்தது. பளபளவென்று அப்படியொரு கறுப்பு. தப்பு எங்கே என்று எனக்குத் தெரியும். பிள்ளைகளுக்கு நானே சொல்லிக்கொடுப்பதுதான்: தூரத்தில் இருக்கும் கறுப்பு கறுப்பாகத் தெரியாது. இத்தனை பெரிய நீர்மூழ்கி முழ நீளத்தில் தெரிய வேண்டுமென்றால் எவ்வளவு தூரத்தில் நின்று பார்க்க வேண்டும்? அவ்வளவு தூரத்துக் காற்றும் வெளிச்சமும் அந்தக் கறுப்பில் கலந்திருக்க வேண்டும். வெள்ளையும் கொஞ்சம் நீலமும் கலந்து கரிச்சாம்பல் ஆக்கினேன். பளபளப்பு போக டர்பன்டைனைக் கூட்டினேன். எல்லாம் சரி, முதல் பூச்சு காய்கிற வரைக்கும் காத்திருந்தேனா என்றால், அதுதான் இல்லை. ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கவில்லை. தொட்ட இடத்திலெல்லாம் என் கட்டைவிரல் ரேகை பதிந்தது. துடைத்தேன், திரும்ப அடித்தேன், திரும்பத் தொட்டேன்.

அந்த நாட்களில் எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியாது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மாடிப்படி இறங்கிப் போய்த் தபால் பெட்டியைப் பார்ப்பேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பூந்தொட்டி வரைந்துகொண்டிருக்கும், நான் ஜன்னலுக்கும் கரும்பலகைக்குமாக நடந்துகொண்டிருப்பேன். "டீச்சர், நீங்க நடக்குததுல எங்களுக்குக் கோடு கோணுது" என்று ஒருத்தி சொன்னாள். அடிக்கப் போய்ச் சிரித்துவிட்டேன். அவர் கடலில் இருந்தால் கடிதம் வராது. எங்கே இருக்கிறார், எத்தனை நாள் என்பதெல்லாம் எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். கடிதம் நின்றால் கப்பல் கிளம்பிவிட்டது என்று நாமே தெரிந்துகொள்ள வேண்டும்.

கார்த்திகையில் கடிதம் நின்றது.

ஒரு சனிக்கிழமை ஸ்கெட்ச் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பழைய துறைமுகத்துக்குப் போனேன். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்குக் கொண்டுபோகும் தோணிகள் இரண்டைக் கரையேற்றி வயிற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். நீர்மட்டக் கோட்டில் பாசி பச்சையாகப் படிந்து, அதற்குக் கீழே சுண்ணாம்புப் பொட்டுகளாகச் சிப்பி ஒட்டியிருந்தது. பக்கத்தில் சரக்கேற்றும் தட்டைப் படகு, இரும்புப் பார்ஜ் ஒன்று, துருவில் குளித்து நின்றது. நான் பார்ஜை வரைய ஆரம்பித்தேன். தோணியை ஓட்டும் தண்டல் ஒருவர் பின்னால் வந்து நின்று பார்த்தார். என் வயதுதான் இருக்கும்.

"தோணி இம்புட்டு அழகா நிக்கி, அத விட்டுட்டு இந்தத் துருப்பிடிச்ச மூதியவா வரையுதிய?" என்றார்.

"துருதான் எனக்கு வேணும்."

"அப்பம் மொத்தமா இழுவாதிய. தண்ணி தங்குத எடத்துல பிடிக்கும், பொறவு வழியுத பக்கமா இறங்கும். மத்த எடமெல்லாம் சும்மாதான் கெடக்கும்."

அவர் சொன்னது உண்மை. அதை அப்படியே வரைந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். தூத்துக்குடிக்காரிக்குக் கப்பல் என்றால் கண்முன்னால் நிற்கிற கப்பல்தான். கடலில் கிடப்பது எதுவானாலும் துருப்பிடிக்கும், பாசி பிடிக்கும், சிப்பி ஒட்டும். நீர்மூழ்கி மட்டும் என்ன தனிச்சாதியா?

துருவுக்கு உப்பு என்று எனக்கே தோன்றியது. வாட்டர் கலர் ஈரமாக இருக்கும்போது உப்பைத் தூவினால் பூப்பூவாகக் கலர் பிரிவதை வகுப்பில் செய்து காட்டுவோம். இங்கே கொஞ்சம் வேறு மாதிரி. கப்பல் முழுக்க ரெட் ஆக்சைடு பூசிக் காயவிட வேண்டும். அதன்மேல் தண்ணீரைத் தொட்டுத் துரு வேண்டிய இடங்களில் மட்டும் உப்பைத் தூவ வேண்டும். தண்ணீர் காய்ந்து உப்பு ஒட்டிக்கொண்டதும் மேலே கரிச்சாம்பலைத் தெளிக்க வேண்டும். கடைசியில் உப்பை உதிர்த்தால் அந்தந்த இடத்தில் மட்டும் அடியிலிருக்கும் துரு எட்டிப் பார்க்கும். தெளிப்பதற்கு, கரித்துண்டால் வரைந்த படங்கள் கலையாமலிருக்க வாயால் ஊதி அரக்கு தெளிக்கிற சின்னக் குழல் பள்ளிக்கூடத்தில் இருந்தது.

உப்புக்கா பஞ்சம்? கீழ்வீட்டு அக்காவின் வீட்டில் உப்பளத்திலிருந்து வந்த கல்லுப்பு மூட்டையாகவே கிடந்தது. அதை இடித்துத் தூவினேன். ராத்திரி மழை. காலையில் எழுந்து பார்த்தால் கப்பல் அழுதுகொண்டிருந்தது. அளத்து உப்பு மழைக்காற்றின் ஈரத்தையெல்லாம் குடித்து, கசிந்து, அடிப்பூச்சையும் கொப்பளமாகத் தூக்கிவிட்டது. ஊரில் அத்தனை பேருக்கும் தெரிந்த விஷயம், மழைக்காலத்துக் கல்லுப்பு நிற்காது என்பது. எனக்கு மட்டும் அன்றைக்குத் தெரியாமல் போய்விட்டது. எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, உப்பை வாணலியில் போட்டு வறுத்தேன்.

ஏதோ வேலையாக மேலே வந்த அக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள். "ஏளா, வெறும் உப்பை வறுக்கவள இப்பந்தான் பாக்கேன். மனுசன் வந்தா இதத்தான் போடப் போறியா?"

அக்காவின் வீட்டுக்காரர் வெளிநாட்டுச் சரக்குக் கப்பலில் சமையல்காரர். கப்பல்காரனுக்கு வாழ்க்கைப்பட்டவள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை என் கல்யாணம் முடிந்த வாரமே அவள் சொல்லிவிட்டாள். கடலில் கிடக்கிறவனுக்குக் கவலையை எழுதக் கூடாது. காய்ச்சலா, சொல்லாதே. சண்டையா, சொல்லாதே. 'வந்துவிடுங்கள்' என்ற வார்த்தை மட்டும் வரவே கூடாது. அங்கே ஒருவனுக்கு மனசு கலங்கினால் அவன் கையில் இருக்கும் வேலை கலங்கும். "நல்லாருக்கோம்னு எழுதணும். நல்லா இல்லேன்னாலும் நல்லாருக்கோம்னுதான் எழுதணும்." அந்தக் கடற்கரையில் எல்லா வீட்டிலும் இதுதான் சட்டம். நானும் நான்கு வருடமாக அப்படித்தான் எழுதினேன். இங்கு யாவரும் நலம். மழை நல்ல மழை. பள்ளிக்கூடத்தில் ஆண்டுவிழா. எனக்கு ஒரு குறையும் இல்லை.

எழுத முடியாததெல்லாம் கப்பலில் இறங்கியது. வறுத்த உப்பு நன்றாக வேலை செய்தது. ஊதித் தெளித்து, காயவிட்டு, பழைய பல்துலக்கும் பிரஷால் உப்பை உதிர்த்தபோது, கோபுரத்தின் அடியிலும் விலாவில் வரிசையாக இருந்த தண்ணீர்த் துளைகளின் ஓரத்திலும் நிஜத் துரு மாதிரியே இருந்தது. சந்தோஷத்தில் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். கடிதம் வரவில்லை. எண்ணெய்க் கலரில் காவியைக் கரைத்து ஒவ்வொரு துளையிலிருந்தும் கீழே வழியவிட்டேன். மார்கழி பிறந்தது, கடிதம் வரவில்லை. நீர்மட்டத்தில் பாசி வைத்தேன். பிறகு வேப்பங்குச்சி நுனியால் வெள்ளைப் புள்ளி புள்ளியாகச் சிப்பி ஒட்டவைத்தேன். பென்சில் கரியைத் தேய்த்து விளிம்புகளில் இரும்பு வெளியே தெரியும்படி ஆக்கினேன். பொங்கலுக்கு முன்னால் ஒரு கடிதம் வந்தது. உடம்பு சுகம், சாப்பாடு பரவாயில்லை, மாசியில் பதினோரு நாள் லீவு. கையெழுத்து விஷயத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. அன்று மாலையே இன்னொரு பூச்சுத் துரு ஏற்றினேன்.

அதற்குள் எனக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது நான் என்ன செய்கிறேன் என்று. அந்தக் கப்பல் பழசாக வேண்டும். பார்த்த உடனே, இதில் இன்னும் ஐந்து வருடமா என்று அவருக்கே தோன்ற வேண்டும். வாயால் கேட்டால் அடம்பிடிக்கிறாள் என்பார்கள். கப்பலே கேட்டால்?

மாசியில் வந்தார். இளைத்திருந்தார், முகம் வெளிறிப்போயிருந்தது. பையை இறக்கி, கை கால் கழுவி, காப்பி குடித்தார். மேஜையில் வாசலைப் பார்க்க நான் வைத்திருந்த கப்பலை அப்புறம்தான் கவனித்தார். எடுத்துத் திருப்பிப் பார்த்தார். மூக்கிலிருந்து வால்வரைக்கும் கட்டைவிரலால் தடவினார். பாராட்டுவார் என்று ஒரு கணம் எனக்கு மனசு துள்ளியது. அதையும் ஒளிக்க விரும்பவில்லை.

"நல்லாத்தான் அடிச்சிருக்க. அச்சு அசலாத் துரு மாதிரியே இருக்கு" என்றார். பிறகு, "இது எங்க போட்டு இல்ல" என்றார்.

"ஏன்?"

"இதுல துரு பிடிக்க விட மாட்டோம். கரைக்கு வந்தா மொத வேலை அதான். கயித்துல தொங்கிக்கிட்டு நானும் நாலு பயலுவளும் சுரண்டிச் சுரண்டிப் பெயிண்ட் அடிப்போம். தோணி துருப்பிடிச்சா, பார்ஜு துருப்பிடிச்சா, மெதந்துக்கிட்டாவது கெடக்கும்." கப்பலை மேஜையில் வைத்தார். "இம்புட்டுத் துருவோட இது முங்கிச்சுன்னா மேல வராது."

நான்கு மாதம் உட்கார்ந்து, ரசித்து ரசித்து, என்ன செய்து வைத்திருக்கிறேன்? வேறு யாராவது செய்திருந்தால் கையை ஒடித்திருப்பேன். வெட்கம் ஒருபக்கம், ஆத்திரம் ஒருபக்கம். ஆத்திரம்தான் முதலில் வெளியே வந்தது.

"பழசாயிட்டுன்னு சொல்லத்தான் அடிச்சேன். போதும், விட்டுட்டு வாங்கன்னு சொல்லத்தான் அடிச்சேன். இன்னும் புரியலியா?"

அவர் என்னையே பார்த்தார்.

"கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றார்.

"எப்பம்?"

"கார்த்திகையில. கடலுக்குக் கெளம்புததுக்கு மொத நாளு."

நான் பழைய துறைமுகத்தில் உட்கார்ந்து பார்ஜை வரைந்துகொண்டிருந்த நேரத்துக்கெல்லாம் காரியம் முடிந்திருந்தது.

"என்னைய ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலியா?" என் சத்தம் கீழ்வீட்டுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் இருந்தது.

அவர் எழுந்து பையைத் திறந்தார். சட்டைகளுக்கு அடியிலிருந்து, ரப்பர் பேண்டு போட்ட இன்லேண்ட் லெட்டர் கட்டு ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார். எல்லாம் நான் எழுதியவை.

"மூணு நாளு யோசிச்சேன். இதப் பூராம் திரும்ப எடுத்துப் படிச்சேன். ஒரு லெட்டர்லயாவது 'வாங்க'ன்னு ஒரு வார்த்தை இருக்கான்னு தேடுனேன். நல்லாருக்கோம், நல்லாருக்கோம், ஒரு கொறையும் இல்லன்னு எழுதியிருக்க. சரி, நான் இல்லாம இவ நல்லாத்தான் இருக்கா, நேவியிலயாவது என்னைய வேணும்னு சொல்லுதாவளேன்னு போட்டுட்டேன்." அவர் குரல் உயரவே இல்லை. "'போட வேண்டாம்'னு நீ ஒரு வரி எழுதியிருந்தா போட்டிருக்க மாட்டேன்."

அந்தக் கட்டைப் பிரித்துப் படிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. என் எழுத்து எனக்குத் தெரியாதா? அழகான, சாய்வில்லாத எழுத்து. டிராயிங் டீச்சர் எழுத்து.

இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை. அவர் திருச்செந்தூருக்குத் தேர் பார்க்கப் போனார், சாத்தான்குளத்துக்குப் போய் அவர் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தார். நான் சமைத்தேன், நடந்தேன், அலமாரியை அடுக்கினேன், அடுக்கியதைக் கலைத்தேன். அவர்மேல் கோபம் என்று எல்லாரும் நினைத்தார்கள். அக்காவின்மேல் கோபம் என்று நான் நினைத்தேன். உண்மையில் என்மேல்தான். அவள் சட்டம் சொன்னாள், சரி. எதற்கெடுத்தாலும் பதில் பேசுகிறவள், அந்த ஒரு சட்டத்துக்கு மட்டும் ஏன் அப்படி அடங்கிப் போனேன்?

மூன்றாம் நாள் துணியை டர்பன்டைனில் நனைத்துக் கப்பலைத் துடைக்க ஆரம்பித்தேன். சிப்பி, பாசி, துரு எல்லாம் துணியில் வந்தது. அவர் எதிரில் வந்து உட்கார்ந்து உப்புத்தாளால் வாலைத் தேய்த்துக் கொடுத்தார். திரும்பக் கரிச்சாம்பல் அடித்தேன். காய்ந்ததும் அவர் ஊசிமுனையால் சில துளைகளைத் தொட்டுக் காட்டினார்.

"நாப்பது அம்பது நாளு கழிச்சு மேல வரும்போது இங்கன மட்டும் லேசா வழிஞ்சிருக்கும். முடி அளவு. அத வேணும்னா போடு. அது நெசம்."

ஒற்றை முடி பிரஷால் நான்கே நான்கு கோடு போட்டேன். காவி கூட இல்லை, தேநீர் நிறம். அவர் கப்பலைக் கண்ணுக்கு நேராகத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "இப்பம் எங்க போட்டு" என்றார்.

பதினோராம் நாள் ரயிலேற்றிவிட்டு வந்தேன். வந்த வேகத்தில், செருப்பைக்கூடக் கழற்றாமல் இன்லேண்ட் லெட்டர் எடுத்து எழுதினேன். எனக்கு நன்றாக இல்லை. நான்கு வருடமாகவே நன்றாக இல்லை. கடிதம் வராத நாட்களில் சோறு இறங்குவதில்லை. ஒவ்வொரு தடவை நீங்கள் போகும்போதும் இதுதான் உங்களைக் கடைசியாகப் பார்ப்பது என்று நினைத்துக்கொள்கிறேன். வந்துவிடுங்கள் என்று சொல்ல இப்போது பாத்தியதை இல்லை, ஆனாலும் எழுதுகிறேன், வந்துவிடுங்கள். அடித்தல் திருத்தலோடு, கோணல் கோணலாக எழுதி, திரும்பப் படித்துப் பார்க்காமல் ஒட்டித் தபாலில் போட்டேன். போட்ட பிறகு பயம் பிடித்துக்கொண்டது. அங்கே அவர் மனசு கலங்கி ஏதாவது ஆகிவிட்டால்? ஐந்து வாரம் அந்தப் பயத்தோடு நடந்தேன்.

பதில் வந்தது. வழக்கமாக அவர் எழுதும் உடம்பு சுகம், சாப்பாடு பரவாயில்லை எதுவும் இல்லை. முக்கால்வாசித் தாள் காலி. பேசுகிற மாதிரியே எழுதியிருந்தார்:

"உன் லெட்டர் கெடச்சுது. ஒவ்வொரு தடவையும் மேல் மூடியப் பூட்டிக்கிட்டுத் தண்ணிக்குக் கீழ எறங்கும்போது எனக்குப் பயமாத்தான் இருக்கும். பதினஞ்சு வருசமா இருக்கு. ஒங்கிட்டச் சொன்னா நீ தாங்க மாட்டியேன்னு இருந்துட்டேன்."

மாடிப்படியிலேயே உட்கார்ந்து அதைப் படித்தேன். அவர் எனக்கு எழுதிய முதல் கடிதம் அதுதான் என்று தோன்றியது. இன்னும் ஐந்து வருடம் முழுசாகப் பாக்கி இருந்தது.